செவியே கண்ணாக

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்பார் திருவள்ளுவர். நோயுற்றவர், அந்நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அம்மருந்தை உடனிருந்து கொடுப்பவர் ஆகிய நான்கும் பொருந்தினால்தான் மருத்துவம் நிறைவுறும். நான்காமவரை அவர் 'உழைச்செல்வான்' என்று குறிக்கின்றார். உழை என்னும் சொல்லுக்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தில் இருப்பதே செவிலியின் இலக்கணம் என்று அப்பெயரே சொல்லிவிடுகின்றது. மனநல மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றிய நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். தொலைவில் இருந்துகொண்டே ஒருவருக்குப் பக்கத்தில் இருக்க முடியுமா என்னும் கேள்வி 2020ஆம் ஆண்டில்தான் என்முன் எழுந்தது.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், கொரோனாத் தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. பேருந்துகள் நின்றன. திங்கள்தோறும் வந்து மருந்து பெற்றுச் செல்லும் நோயாளிகளுக்கு வழி அடைபட்டது. மனநோய்க்குரிய மருந்தை இடையில் நிறுத்தினால், தணிந்திருந்த நோய் மீண்டும் தலையெடுக்கக்கூடும். தொலைவிலிருந்து மருத்துவம் செய்வதற்குரிய நெறிமுறைகளை நடுவணரசு அதே நாளில் வெளியிட்டது. எங்கள் மருத்துவமனையும், செவிலியர் சிலர் வீட்டிலிருந்தவாறே தொலைபேசி வாயிலாக நோயாளிகளைப் பேண வேண்டும் என்று பணித்தது. அவர்களுள் நானும் ஒருத்தி. ஊரடங்கு முடிந்த பின்னும் தொலைவில் வாழும் நோயாளிகளுக்காக அப்பணி தொடர்ந்தது.

தொடக்கத்தில் நான் கண்ணிழந்தவள்போல் தவித்தேன். மருத்துவமனையில் நோயாளிகள் இருக்கும் கூடத்தில் நுழைந்தவுடனே என் கண்கள் வேலை செய்யத் தொடங்கிவிடும். தலை வாராமல் இருப்பவர் யார், சுவரை நோக்கிப் படுத்திருப்பவர் யார், சோற்றைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்தவர் யார் என்பவற்றையெல்லாம் ஒரு நொடியில் அவை கண்டுவிடும். அழுபவரின் தோளைத் தொட்டு ஆறுதல் கூறலாம். மாத்திரையை விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாம். தொலைபேசி இவை அனைத்தையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, செவி ஒன்றை மட்டும் விட்டுவைத்தது.

ஆனால், ஒரு கருவி மட்டுமே கையில் இருக்கும்போது அதனைக் கூர்மையாக்கிக் கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. நாளடைவில் என் செவி பலவற்றைக் கற்றது. கேள்விக்கும் விடைக்கும் இடையே நிலவும் அமைதி நீண்டுகொண்டே போனால், மனச்சோர்வு மிகுகின்றதோ என்று கருத வேண்டும். ஒரு சொல்லை முடிக்குமுன் மறுசொல் முந்திக்கொண்டு ஓடினால், மனவெழுச்சி நோய் மீண்டும் தலைகாட்டுகின்றதோ என்று பார்க்க வேண்டும். பல வாரங்களாகப் படுக்கையைவிட்டு எழாதிருந்த ஓர் அம்மையாருடன் ஒரு நாள் காலையில் பேசினேன். "அப்படியேதான் இருக்கின்றேன்" என்று அவர் கூறினார். ஆனால் அவர் குரலுக்குப் பின்னால் கடுகு தாளிக்கும் ஓசை கேட்டது. "அடுப்படியில் இருப்பவர் யார்?" என்றேன். சற்று நேரங்கழித்து, "நான்தான்" என்றார். அவர் தேறி வருகின்றார் என்பதை அவருக்கு முன்னரே அக்கடுகு எனக்குக் கூறிவிட்டது.

இப்பணியில் மறைபொருள் காத்தல் இன்றியமையாதது. நான் பேசும்போது அறைக்கதவு மூடியிருக்கும். குறிப்பேடு பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். என் பிள்ளைகளும் ஒரு பெயரைக் கேட்டறியார். மறுமுனையில் இருப்பவருக்கும் அத்தகைய தனிமை வேண்டும். ஆதலால், "இப்பொழுது பேசுவதற்கு வசதியாக இருக்கின்றதா?" என்பதே என் முதற்கேள்வி. பலர் நெருங்கி வாழும் வீட்டில் இளம்பெண் ஒருத்தி தன் துயரை எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? அத்தகையவரிடம், 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற ஒரு சொல்லில் விடை கூறத்தக்க கேள்விகளையே கேட்பேன்.

என் வாழ்நாளில் மறக்கவொண்ணாத ஒரு மாலைப்பொழுதை இங்குச் சொல்ல வேண்டும். அது கத்திரி வெயில் கொளுத்திய நாள். பலரிடம் பேசிக் களைத்திருந்தேன். அப்போது விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் தாய் அழைத்தார். அவ்விளைஞர் மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் நோய்க்காக லித்தியம் என்னும் மருந்தை உட்கொண்டு வந்தார். "அம்மா, அவன் தள்ளாடுகின்றான், நாக்குழறிப் பேசுகின்றான். குடித்துவிட்டு வந்திருக்கின்றான் என்று தெருவே சிரிக்கின்றது. நீங்கள் கொஞ்சம் கண்டித்துச் சொல்லுங்கள்" என்று அவ்வன்னையார் அழுதார்.

உண்மையைச் சொல்லிவிடுகின்றேன். நானும் அதனை நம்பினேன். "நாளைக் காலையில் அவரிடம் பேசுகின்றேன்" என்று கூறி, தொலைபேசியை வைக்க இருந்தேன். அந்நேரத்தில் ஏதோ ஒன்று கலகலவென்று அதிரும் ஓசை கேட்டது. "அது என்ன ஓசை?" என்றேன். "தண்ணீர்க் குவளையைப் பிடித்திருக்கின்றான், கை நடுங்கித் தட்டில் மோதுகின்றது" என்றார். என் களைப்பு பறந்துவிட்டது. கைந்நடுக்கம், நாக்குழறல், தள்ளாட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து எண்ணினேன். "வயிற்றுப்போக்கோ வாந்தியோ உண்டா?" என்று கேட்டேன். மூன்று நாளாக இரண்டும் இருந்தன. மருந்தை நிறுத்தக்கூடாது என்று நாங்களே கூறியிருந்தமையால், அன்று காலையிலும் அத்தாய் தவறாமல் மாத்திரை கொடுத்திருந்தார்.

லித்தியம் பலருடைய வாழ்வை மீட்ட மருந்து. மனவெழுச்சி நோய்க்கு அது பயன்படுவதை 1949ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேடு வெளியிட்டார். ஆயினும், குருதியில் அது நலம் செய்யும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. உடலிலுள்ள நீரும் உப்பும் குறைந்துபோனால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். அப்போது வழக்கமான மாத்திரையே நஞ்சாகும்.

உடனே எங்கள் மருத்துவரை மற்றொரு தொலைபேசியில் அழைத்தேன். மாத்திரையை நிறுத்தி, அக்கணமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுமாறு அவர் கூறினார். 108 ஊர்தி வரும்வரை அவ்வன்னையாருடன் பேசிக்கொண்டே இருந்தேன். மாத்திரை அட்டையையும் மருத்துவச் சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "இவர் குடித்தவர் அல்லர், லித்தியம் உண்பவர் என்று முதலில் சொல்லுங்கள்" என்று இருமுறை கூறினேன். குருதியைச் சோதித்தபோது மருந்தின் அளவு மிகுந்திருந்தது தெரிந்தது. சில நாள் மருத்துவத்துக்குப்பின் அவ்விளைஞர் நலமாக வீடு திரும்பினார். அன்று நான் தொலைபேசியை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்னும் நினைவு இன்றும் என்னை வருத்துகின்றது. ஆயினும் அவ்வருத்தத்தை நான் போக்கிக்கொள்ள விரும்பவில்லை. என்னை விழிப்புடன் வைத்திருப்பது அதுவே.

தொலைபேசியால் ஆகாத செயல்கள் பல உண்டு. ஊசி போட அதனால் இயலாது. குருதி எடுக்கவும் இயலாது. ஆதலால் அது மருத்துவமனைக்கு மாற்று ஆகாது. மருத்துவமனைக்குச் செல்லும் பாலமே ஆகும். அப்பாலத்தின் தேவை பெரிது. 2015-16ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறையால் வருந்துவதைக் காட்டியது. அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவம் பெறாதவர்கள். மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. 2022 அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, நடுவணரசு 'டெலி மனஸ்' என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் எவரும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மாணவர்களே, தெருவில் ஒருவர் தள்ளாடினால் சிரிப்பது எளிது. ஏன் தள்ளாடுகின்றார் என்று கேட்பது சற்று அரிது. உங்கள் வகுப்பில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த தோழர் ஒருவர் திடீரென்று அமைதியாகிவிட்டால், அறிவுரை கூற விரையாதீர்கள். முதலில் அவர் சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். பின்னர், நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள்.

அந்த அன்னையார் சில வாரங்களுக்குப் பின் என்னிடம் பேசினார். என் முகத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லை. ஆயினும், "அன்று என் பிள்ளைக்கு உடம்பு முடியாமற்போனபோது நீங்கள் எங்கள் வீட்டில்தானே இருந்தீர்கள், அம்மா!" என்றார். நான் அதனைத் திருத்தவில்லை. உழைச்செல்வான் என்ற சொல்லின் பொருளை நான் முழுமையாக உணர்ந்துகொண்டது அன்றுதான்.