ஒரே நாடு, இரு கரைகள்

நீரில் தத்தளிப்போரிடம் கடவுச்சீட்டுக் கேட்பார் எவருமிலர். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால், மூடுபனியினூடே உயிர்காப்புப் படகுகள் இரண்டில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரைக் கண்ட கஸ் டால்டன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவரும் கேட்டாரல்லர். முதலில் அவர்களைக் காப்பாற்றினார். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் கூறியது பொய்யென்பதும், மேற்கு ஜேர்மனியிலிருந்தே புறப்பட்டனர் என்பதும் பின்னரே வெளியாயின. பலர் சினந்தனர். (அஞ்சியவன் நாவிலே பொய் பிறத்தல் புதுமையன்று.) ஆயினும் கனடா அவர்களைத் திருப்பியனுப்பவில்லை, ஓராண்டு தங்கியிருந்து தொழில் செய்ய அனுமதி வழங்கிற்று.

24 ஆண்டுகள் கழிந்தன. 2010 ஓகஸ்டில் அந்நாட்டின் மேற்குக் கரையை ‘சன் சீ’ என்னும் கப்பலில் 492 தமிழர் அடைந்தனர். இம்முறை அவர்களை எதிர்கொண்டவை தடுப்புக்காவற் கூடங்கள். போராளிகளும் ஆட்கடத்துவோரும் அவர்களிடையே உள்ளனரோவென அரசாங்கம் ஐயுற்றது. ஆராய்தல் அரசின் கடமையே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், தாய்மாருடன் வந்த சிறுவரும் இளங்குற்றவாளிகளுக்கென அமைந்த காவலில்லத்தில் வைக்கப்பட்டமைக்கு எந்த ஆராய்ச்சி காரணம்?

2012இல் புதுச் சட்டமொன்றும் பிறந்தது. கூட்டமாக வந்தோரென அமைச்சர் குறிப்பவருள் 16 வயது நிரம்பியோரை அது கட்டாயக் காவலுக்கு உட்படுத்திற்று. அகதியென ஏற்கப்பட்டவரும் ஐந்தாண்டு கழியுமுன் நிரந்தர வதிவுரிமை கோரலாகாது. எனவே, பிரிந்த மனைவி மக்களை அழைப்பித்தலும் அதுவரை இயலாது. பதினாறு வயதென்பது எம் இல்லங்களிலே சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் விழித்திருந்து படிக்கும் வயது.