திரையில் வாளேந்தும் நங்கையும் அருகில் நிற்கும் ஆடவனும்



'வீர மங்கை', 'புயல் பெண்' என்றெல்லாம் திரைப்பட விளம்பரங்களில் காணும்போது எங்கள் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. படம் முடியும்போது அந்த மங்கையின் கையில் வாள் இருக்கிறதா? அவள் அருகில் நிற்கும் ஆடவன் எத்தகையவன்? இவ்விரண்டு வினாக்களையும் கேட்டுப் பார்த்தால், சண்டைப் படங்கள் பெண்ணுக்குத் தரும் பெருமை எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

வீரம் ஆணுக்கு மட்டுமே உரியதன்று என்பதைத் திரையுலகம் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. 1935 ஆம் ஆண்டு பம்பாயில் உருவான 'ஹண்டர்வாலி' என்னும் படத்தில் நாடியா என்ற நடிகை சாட்டையைச் சுழற்றி ஆடவர் கூட்டத்தை ஓட ஓட விரட்டினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1937 இல், நம் தமிழிலும் 'மின்னல் கொடி' வெளிவந்தது. அதில் கே. டி. ருக்மணி கொள்ளைக்காரியாக வேடம் ஏற்று, குதிரையேற்றம், வாள்வீச்சு ஆகியவற்றில் தம் திறமையைக் காட்டினார். பெண்கள் வாசற்படி தாண்டுவதே அரிதாக இருந்த காலம் அது. அன்றே குதிரையேறிய கதாநாயகி, பின்னர் எப்படிக் குதிரையிலிருந்து இறங்கினாள் என்பதே நாங்கள் சிந்திக்க விழைவது.

முதலில் நம் நெல்லைச் சீமையின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1799 அக்டோபர் 16 ஆம் நாள் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் வரலாறு, பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 1959 இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்ற வண்ணப்படமாக வந்தது. அதில் பத்மினி ஏற்ற வெள்ளையம்மாள் வேடம் எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. தன் காளையை அடக்கிய வெள்ளையத்தேவனை அவள் மணக்கிறாள். அவன் போருக்குப் புறப்படும்போது தீய கனவு கண்டு, போக வேண்டாம் என்று கண்ணீர் விடுகிறாள். அவன் களத்தில் வீழ்ந்த பிறகுதான் தானும் களம் புகுந்து பழி தீர்க்கிறாள். அவளுக்கு வீரம் இல்லாமல் இல்லை. கணவன் உயிரோடு இருக்கும்வரை அந்த வீரத்திற்குக் கதையில் இடம் இல்லை! இருவரும் தோளோடு தோள் நின்று போரிடும் காட்சியை நாங்கள் கற்பனையில்தான் காண வேண்டியிருக்கிறது.

அடுத்தது 1969 இல் வெளிவந்த 'அடிமைப் பெண்'. நிமிர்ந்து நிற்கவும் முடியாத சிறைக்கூண்டில் வளர்ந்த வேங்கையனுக்குப் பேச்சையும் போர்ப் பயிற்சியையும் கற்றுக் கொடுப்பவள் ஜீவா. எம்.ஜி.ஆருக்கு ஜெயலலிதா ஆசிரியை! தமிழ்த் திரையில் நாயகனே ஒரு பெண்ணுக்கு மாணவனாக அமர்ந்த அரிய காட்சி அது. ஆனால் உச்சக்கட்டத்தில் சிங்கத்தோடு மோதுபவன் வேங்கையன்தான். எங்கள் பாட்டியர் அக்காலத்தை நினைவுகூர்ந்து சொல்வார்கள்: நெல்லை டவுனில் படம் விட்டு வரும் வழியெல்லாம் பையன்கள் வாத்தியாரைப் போலக் கம்பு சுற்றுவார்களாம், பெண்பிள்ளைகள் சேலைத் தலைப்பு கலையாமல் பின்னால் நடப்பார்களாம். அந்த வாத்தியாருக்கே வாத்தியாராக ஒருத்தி திரையில் இருந்தாளே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்!

பின்னர் வந்த படங்களில் வலிமையுள்ள பெண்ணுக்குத் தண்டனையே காத்திருந்தது. 1990 இல் வந்த 'கர்த்தவ்யம்' என்ற தெலுங்குப் படத்தில் காவல்துறை அதிகாரியாக நடித்துத் தேசிய விருது பெற்றவர் விஜயசாந்தி. அப்படம் தமிழிலும் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' என்ற பெயரில் ஓடியது. அதே விஜயசாந்தி 1992 இல் 'மன்னன்' படத்தில் தொழிற்சாலையை ஆளும் முதலாளியாக வருகிறார். ஆணவம் அடக்கப்பட்டு, இறுதியில் இல்லத்தரசியாக அமைதி காண்கிறார். ஆணவம் தவறு என்பதில் ஐயமில்லை. அதை விட்டவுடன் நிர்வாகத்தையும் ஏன் விட வேண்டும்? 1999 இல் வந்த 'படையப்பா'வில் நீலாம்பரி தீயவள். அடக்கமே உருவான வசுந்தராவுக்கே நாயகனின் கரம் கிட்டுகிறது. ஓங்கிப் பேசும் பெண் கெட்டவள், தலைகுனிந்து நிற்பவளே நல்லவள் என்ற பாடம் இதில் மறைந்திருக்கிறதல்லவா?

நம் ஊரையே களமாகக் கொண்ட 'சாமி' 2003 இல் வந்தது. திருநெல்வேலியைக் காக்க வரும் காவல் அதிகாரி ஓர் ஆண். நாயகியோ அவர் காதலித்து மணக்கும் கல்லூரி மாணவி. கதை அப்படி இருக்கலாம். ஆனால் ஏட்டிலுள்ள உண்மையையும் பாருங்கள்! தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியாகத் திருமதி திலகவதி பணியில் சேர்ந்தது 1976 இல். தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது 1992 இல். வாழ்க்கையில் பெண் காக்கிச் சட்டை அணிந்து நெடுநாள் ஆன பின்னும், திரையில் அவள் காக்கப்பட வேண்டியவளாகவே நின்றாள்.

இவ்வாறு கூறுவதால் நாங்கள் ஆடவருக்கு எதிரிகள் என்று எண்ண வேண்டாம். பெண்ணை உயர்த்திக் காட்டுவதற்காக அருகிலுள்ள ஆண்களையெல்லாம் கோழைகளாகவும் கோமாளிகளாகவும் காட்டும் படங்களும் உண்டு. அவையும் எங்களுக்கு உவப்பாக இல்லை. குள்ளர் நடுவே நின்று உயரமாகத் தெரிவதில் என்ன சிறப்பு? ஒரு பெண்ணின் வீரத்தைக் கண்டு அஞ்சாமலும், அதைப் பறிக்காமலும் உடன் நிற்கும் ஆடவனே உண்மையில் வலிமையுள்ளவன்.

அத்தகைய ஒருவனை நாங்கள் திருவிவிலியத்தில் காண்கிறோம். நீதித்தலைவர்கள் நூலின் நான்காம் அதிகாரத்தில், பேரீச்சை மரத்தடியில் அமர்ந்து மக்களுக்கு நீதி வழங்குகிறார் இறைவாக்கினர் தெபோரா. படைத்தலைவன் பாராக்கை அழைத்துப் போருக்குச் செல்லுமாறு கூறுகிறார். நீர் உடன் வந்தால் போவேன், இல்லையேல் போகமாட்டேன் என்கிறான் அவன். வருகிறேன், ஆனால் இதனால் வரும் புகழ் உனக்கு இராது, பகைவனை ஆண்டவர் ஒரு பெண்ணின் கையிலேயே ஒப்புவிப்பார் என்கிறார் தெபோரா. பாராக்கு பின்வாங்கவில்லை. புகழ் தனக்கு இல்லை என்று தெரிந்தே புறப்பட்டான்! இப்படிப்பட்ட நாயகனைப் படைக்கத் துணிந்த திரைக்கதை ஆசிரியர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்?

திரையில் நடப்பது வீட்டிலும் நடக்கிறது. எங்கள் தோழி ஒருத்தி சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து பேருந்தில் பள்ளிக்கு வருபவள். சிலம்பம் நன்றாகச் சுற்றுவாள். பாளையங்கோட்டையில் நடக்கவிருந்த போட்டிக்கு அவள் பெயர் கொடுத்தபோது, "பன்னெண்டாங் கிளாஸ் வந்தாச்சு, இனிமே கம்பும் கிம்பும் என்னத்துக்கு?" என்றார் தந்தை. மன்னன் படத்தின் கடைசிக் காட்சி அவர்கள் வீட்டு முற்றத்திற்கே வந்துவிட்டது. அப்போது எட்டாம் வகுப்பு படிக்கும் அவள் தம்பி, "அக்கா போகட்டும்ப்பா. நான் கூடப் போயி கம்பத் தூக்கிட்டு வாரேன்" என்றானாம். தந்தை சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, பேருந்துக் கட்டணத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் இரண்டாம் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். ஆயினும் தம்பி ஊர் முழுவதும் அக்காவின் ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு திரிந்தான். இன்று அவனுக்கும் சிலம்பம் கற்றுக் கொடுப்பவள் அவளே.

தோழியரே, நாயகிக்கு நாலு சண்டைக் காட்சி கொடுத்துவிட்டால் போதும் என்று நாம் மனநிறைவு கொள்ளலாகாது. கடைசிக் காட்சி வரை அவள் தன் கடமையோடும் தன் திறமையோடும் நிற்கிறாளா என்று பார்ப்போம். அடுத்த முறை வீட்டில் எல்லாரும் அமர்ந்து படம் பார்க்கும்போது, அண்ணன் தம்பியரிடமும் இவ்வினாக்களைக் கேட்போம். தெபோராவுக்குத் துணிவையும் பாராக்குக்குப் பணிவையும் தந்த இறைவன், நம் இல்லங்களுக்கும் அவ்விரண்டையும் அருள்வாராக!