காட்டெருமை டைம்

யெல்லோஸ்டோன்ல பஸ் டூர்.
1872ல அமெரிக்காவோட முதல் தேசியப் பூங்காவா அறிவிச்ச இடம். எங்க கைடு அதுக்கு ஒதுக்கினது ஒரே ஒரு பகல்!

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீரூற்று சுமாரா 90 நிமிஷத்துக்கு ஒருக்கா பீறிடும். அடுத்தது எப்போன்னு எழுதியே வச்சிருக்காங்க, பத்து நிமிஷம் முன்ன பின்ன.
நம்ம டவுன் பஸ்ஸை விட ஒழுங்கு.

அப்புறம்தான் நடுரோட்டுல ஒரு காட்டெருமை.
23 மீட்டர் தள்ளித்தான் நிக்கணும்னு விதி. டிரைவர் இன்ஜினையே அணைச்சுட்டார்.
கைடு வாட்சைப் பார்க்குறார்.
அது கைடைப் பார்க்குது.

மொத்த பஸ்ஸும் ஒரு பக்க ஜன்னல்ல. நான் எடுத்த போட்டோ அத்தனையிலயும் முன் சீட்டு மாமாவோட தொப்பிதான் பளிச்சுன்னு இருக்கு.

சாப்பாடு லேட்டு, ஏரி பார்க்கப் போறது கட். ஆனா ஒருத்தரும் முணுமுணுக்கல.

பேசாம அட்டவணையை எருமைகிட்டயே குடுத்துட்டா என்ன?