உள்ளே ஒரு பம்ப்செட்

உங்களுக்குத் தெரிந்த இரண்டு பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரே அளவு கட்டி, ஒரே மருந்து. ஒருவருக்குக் கீமோவில் கட்டி கரைகிறது. இன்னொருவருக்கு முடி கொட்டியதுதான் மிச்சம். உடனே சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள். 'டாக்டர் சரியில்லை', 'அவளுக்கு மனசுல தைரியம் பத்தலை' என்பார்கள். இந்த இரண்டாவது வசனக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடலாம் என்பது என் கட்சி. விஷயம் மனசில் இல்லை. பெரும்பாலும் செல்லில் இருக்கும் புரோட்டீன்களில் இருக்கிறது.

பி.காம். படித்த எனக்குப் புரிந்த வரவு செலவுக் கணக்கு இது. மருந்து செல்லுக்குள் வர வேண்டும்; வேலை முடிகிறவரை தங்க வேண்டும். 1976-ல் கனடாவில் ஜூலியானோ, விக்டர் லிங் என்ற இருவர் ஹாம்ஸ்டர் செல்களை ஆராய்ந்தார்கள். ஹாம்ஸ்டர் எலி மாதிரி ஒரு பிராணி. மருந்துக்கு மசியாத செல்களின் சவ்வில் ஒரு புரோட்டீன் மிகுதியாக இருந்தது. பெயர், பி-கிளைக்கோபுரோட்டீன். அதற்கு பம்ப்செட் வேலை. உள்ளே வந்த மருந்தை இறைத்து வெளியே கொட்டிவிடும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின், பாக்ளிடாக்ஸல் இரண்டுமே இதற்குத் தப்பாது.

இத்தனைக்கும் இது புற்றுநோய் கண்டுபிடித்த மெஷின் இல்லை. நம் குடலிலும் கல்லீரலிலும் நின்று விஷத்தை வெளியேற்றுகிற வாட்ச்மேன். 'பம்ப்பை ஆஃப் பண்ண மருந்து இல்லையா சார்?' என்பீர்கள். பல வருடம் முயன்றார்கள். சோதனைக் குழாயில் ஜெயித்தது, நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலன் தரவில்லை.

இன்னொரு புரோட்டீன் கதை வேறு மாதிரி. ஹெர்-2 மிகுந்த கட்டிகள் சீக்கிரம் திரும்பி வருகின்றன என்று 1987-ல் டெனிஸ் ஸ்லாமன் குழு காட்டியபோது அது கெட்ட செய்தி. அதையே குறிவைத்த டிராஸ்டுஸுமாப் 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால் கீமோ மட்டும் கொடுப்பதைவிடப் பலன் அதிகம். பல பெண்களுக்கு இன்று ஆயுளைக் கூட்டியிருப்பது அந்தக் கெட்ட செய்திதான்.

பம்ப்செட்டை வழக்கமாக யாரும் டெஸ்ட் செய்வதில்லை. ஆனால் பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசியில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரி இருக்கும். முதல் இரண்டும் ஹார்மோன் வந்து உட்காரும் புரோட்டீன்கள். அவை இருந்தால் ஹார்மோனை மறிக்கும் மாத்திரை உண்டு. சிலருக்குக் கீமோவே தேவைப்படாது. ஹெர்-2-க்கு எதிரே 2+ என்று போட்டிருந்தால் முடிவு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். 'ஃபிஷ்' டெஸ்ட் எடுக்கணுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மீன் இல்லை, மரபணுவை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை.