வந்ததில் பங்கு

லாபம் கொழித்த வருஷத்தில் டிவிடெண்ட் கொடுக்க யாருக்கும் தெரியும். வேலை பாதியாய்ப் போன வருஷத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால்தான் ஒரு கம்பெனியின் குணம் பிடிபடும். கணக்கெழுதியே வயதானவன் நான். பெர்த்தில் இன்ஜினியராக இருக்கும் என் தங்கை மகன் சுரங்கக் கான்ட்ராக்ட் கம்பெனிகளின் பங்குகளை வாங்கிப் போட்டுவிட்டு அடிக்கடி போன் செய்வான். அந்த வழியில் ஆஸ்திரேலியக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கான்ட்ராக்ட் கம்பெனிகளுக்குச் சொந்தமாகச் சுரங்கம் கிடையாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா வட்டாரத்து இரும்புத் தாது பெரும்பாலும் ரியோ டின்டோ, பிஎச்பி போன்ற பெரிய கைகளுடையது. அவர்களுக்குக் கன்வேயர் போடுவது, நொறுக்கும் ஆலை கட்டுவது, பாறையை வெடித்து அள்ளுவது இவர்கள் வேலை. சொந்த மாட்டை ஓட்டிக்கொண்டுபோய் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுகிறவரின் பிழைப்பு. 2011 தொடக்கத்தில் டன் 190 டாலரைத் தொட்ட இரும்புத் தாது, 2015 முடிவில் 40 டாலருக்குக் கீழே போனது. விலை விழுந்தாலும் முதலாளி தோண்டுவதை நிறுத்தமாட்டார். புதிதாகக் கட்டுவதைத்தான் நிறுத்துவார். அடி முதலில் விழுவது கட்டுகிறவர் தலையில்.

1972-இல் கால்கூர்லி தங்கச் சுரங்க ஊரில் தொழில் தொடங்கிய மோனடெல்ஃபஸ் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூனில் முடிந்த நிதியாண்டில் அதன் லாபம் சுமார் 15.6 கோடி ஆஸ்திரேலிய டாலர். பங்குக்கு 137 சென்ட் கொடுத்தது. 2016-இல் 60 சென்ட். 2020-இல் லாபம் 3.65 கோடி அளவுக்குச் சுருங்க, டிவிடெண்ட் 35 சென்ட். “என்ன மாமா, பெரிய கம்பெனின்னு வாங்கினேன், குறைச்சுக்கிட்டே வர்றாங்க?” என்றான் மருமகன். லாபத்தில் எத்தனை பங்கு என்று வகுத்துப் பாருடா என்றேன். பார்த்தான். நல்ல வருஷத்திலும் கெட்ட வருஷத்திலும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கோ அதற்கு மேலோ கொடுத்திருக்கிறார்கள். தொகைதான் இறங்கியது. போன வருஷத் தொகையைக் காப்பாற்ற வேண்டுமென்று கடன் வாங்கவில்லை.

இப்படி எல்லோரும் கொடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோனடெல்ஃபஸின் முதல் பெரும்பாலும் ஆட்களும் கிரேன்களும்தான். தாது அள்ளும் கான்ட்ராக்டருக்கோ இருநூறு டன் சுமக்கும் லாரிகள் வேண்டும். ஒவ்வொன்றும் பல லட்சம் டாலர். இத்தனை மணி நேரம் ஓடினால் இன்ஜினைக் கழற்றிப் புதுப்பித்தே ஆகவேண்டும். அவர் லாபத்தில் பாதியைக் கொடுத்தாலே அதிகம். அந்த நாட்டில் வரிச் சட்டமும் கொடு கொடு என்று தூண்டுகிறது. 1987 முதல், கம்பெனி கட்டிய வரிக்குப் பங்குதாரர் தன் வரிக் கணக்கில் கழிவு பெறலாம். லாபத்தைப் பெட்டியில் பூட்டிவைத்தால் அந்தக் கழிவு யாருக்கும் உதவாது. அதனால் ஓய்வுபெற்ற பெரியவர்கள் டிவிடெண்ட் டிவிடெண்ட் என்று நச்சரிப்பார்கள். நம்மூர்ப் பெரியவர்களுக்கு பிக்சட் டெபாசிட் வட்டி எப்படியோ, அவர்களுக்கு அது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டப் போனால் எதிர்பார்த்ததைவிடக் கடினமான பாறை வருகிறது. பாதி வேலையில் வரைபடம் மாறுகிறது. கான்ட்ராக்டர் கூடுதல் வேலையைச் செய்து, கூலியும் டீசலும் கையிலிருந்து கொடுத்துவிட்டு, கூடுதல் பில் வைக்கிறார். சுரங்கக்காரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ‘எப்படியும் தருவார்கள்’ என்று கணக்கர் அதை வருமானத்தில் எழுதுகிறார். வருமானம் லாபமாகிறது, லாபத்தைப் பார்த்து டிவிடெண்ட் அறிவிக்கிறார்கள். வெளியே போவது ரொக்கம். உள்ளே இருப்பதோ இரண்டு தரப்பு வக்கீல்கள் வாதாடப்போகும் ஒரு காகிதம். கணக்கில் தப்பு எழுதினான் என்று கணக்கரைப் பிடிக்கவும் முடியாது. விதி ஓரளவு இடம் கொடுக்கத்தான் செய்கிறது.

பெர்த்தின் ஃபோர்ஜ் குரூப் 2012-இல் மின்நிலையம் கட்டும் கம்பெனி ஒன்றை வாங்கியது. அந்த வழியில் வந்த இரண்டு மின்நிலைய வேலைகளில் கையைச் சுட்டுக்கொண்டு, 2013 நவம்பரில் சுமார் 12.7 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. அடுத்த பிப்ரவரியில் திவால் நிர்வாகிகள் கையில் கம்பெனி. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. யானை பலமுள்ள கட்டுமானக் கம்பெனியான சிமிக்கும் தப்பவில்லை. மத்தியக் கிழக்குக் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் 2007-இல் வாங்கிய 45 சதவீதப் பங்கைச் சுமந்து சுமந்து, கடைசியில் 2020 ஜனவரியில் 180 கோடி டாலரை ஒரேயடியாக எழுதித் தள்ளியது. 2019-க்கு இடைக்கால டிவிடெண்ட் கொடுத்திருந்த கம்பெனி, இறுதி டிவிடெண்ட் இல்லை என்று கைவிரித்தது.

நம்மூர்க் குடும்பங்களிலும் இதே கதைதான். வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் முதல் வருஷம் ஓவர்டைமில் சம்பாதித்து, மாசம் இருபதாயிரம் அனுப்புகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஓவர்டைம் நின்றாலும் வாக்கு நிற்காது. அறைத் தோழனிடம் கடன் வாங்கியாவது இருபதாயிரம் வந்துகொண்டிருக்கும். இங்கே அப்பா அதை நம்பிச் சீட்டுக் கட்டுவார், மாடி எழுப்புவார். பிறகு ஒருநாள் மொத்தமாக நின்றுபோகும். இரண்டாம் வருஷமே “இந்த மாசம் பன்னிரண்டுதான்ப்பா” என்று சொல்லியிருந்தால் நாலு நாள் முகம் சுணங்கியிருக்கும், அவ்வளவுதான். சம்பளத்தில் இத்தனை பங்கு என்று பேசிவைத்த குடும்பங்களில் இந்தச் சண்டையை நான் அதிகம் பார்த்ததில்லை.

எந்த வரியைப் பார்க்க வேண்டும் மாமா என்று போன மாதம் கேட்டான். லாபத்தையும், தொழிலில் உண்மையாய் வந்த ரொக்கத்தையும் ஐந்து வருஷத்துக்குப் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். கையிலிருக்கும் ஒரு கம்பெனிக்கு எழுதி அனுப்பினான். ரொக்கம் லாபத்தில் பாதியைத் தாண்டவில்லை. விற்றுவிட்டாயா என்று கேட்டால், “இந்த வருஷமும் டிவிடெண்டைக் கூட்டியிருக்காங்களே மாமா” என்கிறான்.