பாட்டியின் திருவலையும் அக்கா மகளின் கொப்பியும்

நம் வீட்டுப் பெண் பிள்ளை அழகாகச் சித்திரம் கீறினால் முதலில் நாம் எல்லோரும் பாராட்டுகின்றோம். பத்து வயதில் அவள் கீறிய மயிலை வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டுகின்றோம். அதே பிள்ளை பதினாறு வயதில் "இதையே படிக்கப் போறேன்" என்று சொல்லும்போது மட்டும் நம் முகம் மாறிவிடுகிறது. "அது பொழுதுபோக்கா இருக்கட்டும், படிக்கிறதுக்கு வேற பாடம் பாரு" என்று சொல்லிவிடுகின்றோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு, கண்டியில் சமூக சேவைத் துறையில் பணிபுரிகிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான்தான். ஆகவே பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எதுவானாலும் என்னிடம்தான் கேட்பார்கள். அக்கா மகள் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தபோதும் அப்படித்தான் கேட்டார்கள். "வர்த்தகப் பிரிவு எடுக்கட்டும். வங்கியிலோ கந்தோரிலோ ஒரு வேலை கிடைக்கும். சித்திரம் கைவசம் இருக்கிறதுதானே, எங்கே போய்விடப் போகிறது" என்றேன். பிள்ளை எதுவும் பேசவில்லை. நான் சொன்னபடியே வர்த்தகம் படித்தாள்.

ஆனால் உயர்தரம் முடிந்ததும் தன் பழைய சித்திர டீச்சரிடம் போய்ப் பயிற்சி எடுத்திருக்கிறாள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்குப் போக உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. தனியாக ஓர் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அந்தப் பரீட்சைக்குப் போனதையும் சித்தியடைந்ததையும் அவள் எனக்குக் கடைசியாகத்தான் சொன்னாள். அது எனக்கு நல்ல பாடம்.

இப்போது அவள் இரண்டாம் வருட மாணவி. சென்ற விடுமுறையில் அவள் வீட்டுக்கு வந்திருந்த நேரம், மச்சான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவருக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சிறிய கடை இருக்கிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு அந்தக் கடை இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. பிள்ளையின் மடிக்கணினி பழுதாகிவிட்டதாம். புதிதாக வாங்க இரண்டு இலட்சத்துக்கு மேல் வேண்டுமாம். இதற்கிடையில் ஒரு நல்ல சம்பந்தமும் வந்திருக்கிறதாம்.

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா கேப்பா. படிச்சது போதும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

ஒரு முறை அந்தப் பிள்ளையைத் திசை திருப்பியவள் நான். இரண்டாவது முறையும் என்னையே கேட்கிறார்கள். ஒரு வாரம் லீவு போட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

வடிவமைப்பு மாணவி என்றால் நாள் முழுக்க அழகழகாக வரைந்துகொண்டிருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் கண்டது வேறு. விடிய ஐந்து மணிக்கே எழும்பி, குசினியில் பாட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகைக்கட்டையில் உட்கார்ந்துகொள்வாள். மடியில் ஒரு கொப்பி. பாட்டி திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இடைக்கிடை எதையோ குறிப்பாள், சில நேரம் கை, கால் மட்டும் கீறுவாள்.

விசாரித்தபோதுதான் விளங்கியது. வீட்டில் வயதானவர் ஒருவர் அன்றாடம் பாவிக்கும் ஒரு பொருளை எடுத்து, அவருக்கு இலகுவாகும்படி மாற்றி அமைக்க வேண்டும். அதுதான் விடுமுறை வேலை.

"இதில் என்ன இருக்கிறது? கடையில் மேசையில் பூட்டுகிற திருவலை இருக்கிறதே, கைபிடியைச் சுற்றினால் சரி" என்றேன்.

"அது நம்ம வீட்டிலயும் இருக்கு சித்தி. பத்து வருஷமா மேல் தட்டுல கிடக்கு. ஏன் பாட்டி பாவிக்கிறதில்லன்னு யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

உண்மையில் நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்கள் மேசை ஆடும். ஒரு கையால் தேங்காயை அழுத்திப் பிடித்து, மறு கையால் சுற்றுவதற்குப் பாட்டியின் கையில் பலமில்லை. திருவலையில் உட்கார்ந்தால் உடம்பின் பாரமே அதை அசையாமல் பிடித்துக்கொள்கிறது.

நான்காம் நாள் அவள் கொப்பியை என்னிடம் காட்டினாள். "பாட்டிக்குத் திருவுறது கஷ்டமில்ல சித்தி. திருவி முடிச்சு எழும்புறதுதான் கஷ்டம். ரெண்டு கையிலயும் தேங்காய்ப்பூ சட்டி. ஊன்றி எழும்பக் கை இல்ல. அதுதான் முழங்கால் வலிக்குது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாட்டியின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தவள் நான். பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போனவளும் நான். அந்த வலி எந்த நேரத்தில், எதனால் வருகிறது என்று பார்க்கவே இல்லை. தொழில் நிமித்தம் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறவள் நான். "உங்கள் பிரச்சினை என்ன?" என்று கேட்டு, சொல்கிற பதிலை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறேன். அவதானித்தல் என்பதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாகவே படித்தேன். அதை எங்கள் வீட்டுக் குசினியில் செய்தவள், நான் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய சித்திரத்தைக் கைவிடாத பிள்ளை.

அன்றிரவு எனக்கு என் பாடசாலை நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. 2003ஆம் ஆண்டு எங்கள் வகுப்பில் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை நடத்தினோம். கதை, கவிதை எழுதுவது நாங்கள். அட்டை முதல் கடைசிப் பக்கத்துப் பூ வரை வரைவது என் தோழி ஒருத்தி. தமிழ்த் தினப் போட்டிக்கு மேடை அலங்காரம், வெசாக் காலத்தில் வகுப்பறைக்குக் கூடு, டீச்சர்மாரின் பிரியாவிடைக்கு வாழ்த்து மடல் என்று எல்லாவற்றுக்கும் அவளைத்தான் தேடுவோம். மனைப்பொருளியல் பாடத்துக்குக் கைக்குட்டையில் சங்கிலித் தையல் போடச் சொன்னால், எங்கள் தையல் புழு நெளிந்த மாதிரி இருக்கும். அவளுடையதில் தெப்பக்குளத்து அன்னம் நீந்தும். என் ஓட்டோகிராப் புத்தகத்தில் அவள் வரைந்த செவ்வந்திப் பூ இன்றும் நிறம் மங்காமல் இருக்கிறது.

உயர்தரம் முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. சில காலத்துக்கு முன்பு கண்டிச் சந்தையில் கண்டேன். கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்பவும் கீறுறியா?" என்று கேட்டேன். "பொங்கலுக்குக் கோலம் போடுறதோட சரி" என்று சிரித்தாள். அவள் வாழ்க்கையில் குறை என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல புருஷன், நல்ல பிள்ளைகள். ஆனால் அந்தக் கையால் வேறு என்னென்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் என்னை வட்டபுளுவவுக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். வேலை நிமித்தம் நான் பல தடவை போன இடம்தான். அந்த வீடமைப்புத் திட்டத்தை வடிவமைத்தது கண்டியில் பிறந்த ஒரு பெண் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

அவர் பெயர் மினெட் டி சில்வா. 1918இல் பிறந்தவர். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா கண்டியின் பெயர்பெற்ற அரசியல்வாதி. தாய் அக்னஸ், இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களில் ஒருவர். நம் பெண்கள் 1931இல் வாக்களித்ததில் அந்தத் தாயின் உழைப்பும் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த மினெட்டே கட்டடக்கலை படிக்கப் போவதற்குத் தகப்பனையும் மாமனையும் வற்புறுத்திச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. பம்பாயில் படித்தார். காந்தியை விடுதலை செய்யக் கோரிய கூட்டத்துக்குப் போய், மன்னிப்புக் கேட்க மறுத்ததால் அங்கே படிப்பு நின்றது. பிறகு லண்டன் போய்ப் படித்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரானார். அந்தத் தகுதியைப் பெற்ற முதலாவது ஆசியப் பெண் அவர்தான்.

படித்துவிட்டு அவர் கண்டிக்கே திரும்பி வந்தார். தன் கட்டடங்களில் தும்பறைப் பாய் நெசவையும் அரக்கு வேலையையும் சேர்த்துக்கொண்டார். தும்பறைப் பாய் என்பது கற்றாழை போன்ற 'ஹண' செடியின் நாரில், நம் கண்டிப் பக்கத்துக் கிராமத்து மக்கள் தறியில் நெய்வது. யுனெஸ்கோ 2021இல் அந்தக் கைவினையை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மினெட் அதன் பெறுமதியை எழுபது வருடங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்.

1950களின் பிற்பகுதியில் வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று எல்லா இனத்தவரும் குடிவரப்போகிற இடம். அவர் முதலில் வினாக்கொத்துத் தயாரித்தார். குடிவரப்போகிற குடும்பங்களைச் சந்தித்தார். எப்படிச் சமைப்பீர்கள், எப்படிப்பட்ட வீடு வேண்டும், எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று கேட்டு, அதற்கேற்ப வீட்டு வகைகளை அமைத்தார். இன்று அந்த வீடுகளில் பல இடித்தும் கூட்டியும் மாற்றப்பட்டுவிட்டன. ஆனாலும் வீதியில் நடந்துபோகையில், இங்கே ஒரு பெண் கேள்வித்தாளோடு மக்களிடம் பேசியிருக்கிறார் என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் செய்தது சமூகவியலா, வடிவமைப்பா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"ஜெர்மனியில பௌஹவுஸ்னு ஒரு பேர்போன வடிவமைப்புப் பள்ளிக்கூடம் 1919ல தொடங்கினாங்க சித்தி. ஆணும் பெண்ணும் சமம்னு சொல்லிட்டு, வந்த பொம்பளப் பிள்ளைகள் பெரும்பாலானவங்கள நெசவுக்குத்தான் அனுப்பினாங்க. அதுல ஒருத்தர் அன்னி அல்பர்ஸ். அந்த நெசவுலயே அவங்க உலகப் புகழ் எடுத்தாங்க" என்று வரும் வழியில் சொன்னாள். பெண்ணின் கைவேலையைச் சிறிதாக எண்ணுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல என்று புரிந்தது.

நான் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்திய இரவு மச்சானோடு பேசினேன். குசினிக் கதவோரத்தில் பிள்ளை செய்த மாதிரித் திருவலை இருந்தது. முதல் இரண்டு மாதிரிகளைப் பாட்டி வேண்டாம் என்று தள்ளிவிட்டார். "இதுல பூவெல்லாம் வெளியில கொட்டும்" என்றார் ஒருமுறை. "உயரம் கூடிப்போச்சு, கால் தொங்குது" என்றார் மறுமுறை. பிள்ளை முகம் சுளிக்காமல் திரும்பவும் மட்டை வெட்டினாள். மூன்றாவதில் சட்டி வைக்க முன்னால் ஒரு தட்டு, ஊன்றி எழும்பப் பக்கத்தில் ஒரு பிடி. பாட்டி அன்று காலை சட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, பிடியை ஊன்றிக்கொண்டு ஒரே தடவையில் எழும்பினார்.

"மச்சான், இந்த வீட்டுல அம்மாவுக்கு எங்க வலிக்குதுன்னு அறுபது வருஷமா யாரும் பாக்கல. உங்க மக பாத்திருக்கா. அவளைப் படிப்ப நிறுத்தச் சொல்ல என்னால முடியாது. முதல் தடவை நான் சொன்னது பிழை" என்றேன்.

அவர் கனநேரம் பேசவில்லை. "கடன் பட ஏலாது" என்றார் கடைசியாக. அது நியாயம். என் சீட்டுப் பணம் அடுத்த மாதம் கைக்கு வர இருந்தது. அதில் பாதியை நான் தருவதாகவும், மீதியை அவர் தவணையாகப் போடுவதாகவும், பாவித்த மடிக்கணினி ஒன்று வாங்குவதாகவும் முடிவானது. அக்கா, தன் தையல் வருமானத்திலிருந்து மாதம் ஒரு தொகை ஒதுக்குவதாகச் சொன்னார். படிப்பு முடியும்வரை பொறுக்கச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாருக்கு அறிவித்தோம். அவர்கள் பொறுக்கவில்லை. மச்சானுக்கு அதில் இன்னும் மனவருத்தம்தான். நான் மறைக்க விரும்பவில்லை.

சகோதரிகளே, வரையத் தெரிந்த எல்லாப் பிள்ளைகளும் வடிவமைப்பாளராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செலவையும் வேலைவாய்ப்பையும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் பொழுதுபோக்கு என்று ஒரே சொல்லில் மூடிவிடுவதற்கு முன்பு, பிள்ளையின் கொப்பியை ஒருதரம் வாங்கிப் பாருங்கள். என்ன கீறியிருக்கிறாள், ஏன் கீறினாள் என்று கேளுங்கள். நான் கேட்டது பல வருடம் பிந்தி.

அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது என் தோழிக்கு ஒரு வரைதல் கொப்பியும் ஒரு பெட்டி நிறப்பென்சிலும் கொண்டுபோவதாக இருக்கிறேன். இருபது வருடம் பிந்தினாலும் பரவாயில்லை.