உள்ளங்கையில் உருண்ட கடல்

கீபோர்டோடு சேர்த்தே ஒரு பந்து பதித்திருக்கும். உள்ளங்கையை அதன்மேல் வைத்து உருட்டினால் திரையில் அம்பு நகரும். முப்பது வருடத்துக்கு மேலாகியும் மவுஸைத் தொடும்போது என் கை அந்தப் பந்தைத்தான் தேடுகிறது.

அந்தக் கணினியின் பெயர் ஐகொன். ஒன்ராறியோ கல்வி அமைச்சு பள்ளிக்கூடங்களுக்கென்றே கேட்டுச் செய்வித்தது அது; 1984இல் வந்தது. தனித்தனி மெஷினில் டிஸ்க் கிடையாது. லெக்சிகொன் என்ற ஒரு பெட்டியிலிருந்துதான் எல்லாருக்கும் விளையாட்டு வந்துசேர வேண்டும். வகுப்பே ஒன்றாகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பும் எனக்குப் பிடிக்கும்.

1990 யூனில், யுத்தத்தால், இலங்கையின் வடகரையில் இருந்த எங்கள் ஊர் மயிலிட்டி முழுவதும் எழும்பி ஓடியது. அந்த வருடக் கடைசியில் நாங்கள் ஒன்ராறியோவின் ஸ்காபரோவுக்கு வந்தோம். எனக்குப் பத்து வயது, இங்கிலீஷ் தெரியாது. ஐகொன் விளையாட்டுகளில் மற்றப் பிள்ளைகள் லெமனேட் விற்றார்கள், லொறி ஓட்டிக் கனடாவைக் குறுக்கே கடந்தார்கள். நான் விரும்பிப் போனது 'ஓஃப்ஷோர் ஃபிஷிங்' ஒன்றுக்குத்தான். கடலில் வலை இழுத்து, பட்ட மீனை விற்கும் விளையாட்டு.

அம்மப்பா இரவு வள்ளத்தில் போனால் விடியத்தான் கரைக்கு வருவார். மீனைக் குவித்து ஏலம் கூறுவார்கள். திரையில் ஏலமும் இல்லை, பாரையும் இல்லை, சீலாவும் இல்லை. பெயர்களை நானே வைத்துக்கொண்டேன். மனதுக்குள் ஏலம் கூறிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் விற்பேன். அந்த அறையில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெருமை வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

"இண்டைக்கு என்ன படிச்சனி?" என்று அம்மா கேட்டா.

"மீன் பிடிச்சனான்."

அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு பட்டது?" என்றா.

1994இல் அமைச்சு ஐகொனைக் கைவிட்டது. ஐபிஎம் வகைக் கணினிகள் வந்தன, பிறகு சிம்சிட்டி வந்தது. நகரங்கள் கட்டினேன், மின்சாரம் இழுத்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நான் புதிதாய் வந்தவன்.

27 வருடம் இராணுவத்திடம் இருந்த மயிலிட்டித் துறைமுகத்தை 2017 யூலையில் மக்களிடம் கொடுத்தார்கள். வள்ளங்கள் மறுபடி கடலுக்குப் போகின்றன. அந்த விளையாட்டை இன்னொருமுறை ஓட்டிப் பார்க்க ஒரு ஐகொன் மெஷின்தான் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.